கடலின் வரி எண்

முதலில் வாங்கிய மென்பொருள்
திருகாணி விற்பவர்களுக்காகச் செய்தது.
பெட்டியில் நூறு வைத்தால்
ஆறு மாதம் கழித்தும் நூறுதான் என்பது
அதன் அசையாத நம்பிக்கை.

எங்கள் சரக்கோ
அரோசா உப்பங்கழியில்
தைலமரச் சட்ட மிதவைகளுக்கடியில்
கயிறு கயிறாகத் தொங்கிக்கொண்டு
தின்னும், பெருக்கும்.
குளிரில் ஒற்றைக் கையால் இறக்கிய சிப்பிக் கயிற்றை
அடுத்த கோடையில் தூக்கப் பாரந்தூக்கி வேண்டும்.
நடுவில் ஒருநாள்
ஒன்றை அவிழ்த்து மூன்றாகக் கட்டுவோம்.

மாதக் கடைசியில் திரை சிவக்கும்:
பிழை. இருப்பு கூடியிருக்கிறது.
வாங்கிய ரசீது எங்கே?

உதவி எண்ணை அழைத்தேன்.
நாற்பது நிமிடம் பியானோ.
பிறகு ஓர் இளைஞன், மிகுந்த பணிவோடு:
"சரக்கு வளராமல் பார்த்துக்கொள்ள முடியுமா, அம்மணி?"

அன்று பிற்பகல்
புதிதாக ஒரு விற்பனையாளரை உண்டாக்கினேன்.
எண் 417. பெயர்: கடல்.
முகவரி: எதிரே.
மாதாமாதம் அவர் பெயரில் ஒரு ரசீது,
இத்தனை டன், விலை பூஜ்யம்.
மூன்று வருடம் திரை பச்சையாகவே இருந்தது,
பொந்தேவேத்ராவிலிருந்து வந்த தணிக்கையாளர்
கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு
"இவருடைய வரி எண்?" என்று கேட்கும்வரை.

நமக்கென்று ஒன்று செய்துகொள்ளலாம் என்றேன் கூட்டத்தில்.
அந்தப் பணத்துக்குப் படகுக்கு எஞ்சின் மாற்றலாம் என்றார் எலாதியோ.
மாற்றலாம்தான்.
செருப்புக்குத் தக்கபடி காலைச் செதுக்கிக்கொண்டிருக்கிறோம் என்றேன்.
பத்துப் பேரும் குனிந்து
தங்கள் ரப்பர் பூட்ஸைப் பார்த்தார்கள்.
ஆறுக்கு ஐந்து. என் பக்கம் ஆறு.

லூகோ மலைப்பக்கத்திலிருந்து வந்தாள் ஆந்தியா.
மூன்று நாள் எங்களோடு படகில் வந்தாள்,
மூன்று நாளும் வாந்தி எடுத்தாள்.
கணினி பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.
"கயிறு முற்றிவிட்டதென்று எப்படித் தெரியும்?"
ப்ரெய்ஷோ கொக்கியைக் கீழே வைக்காமலே சொன்னான்:
"அதுவே சொல்லும்."
அப்படியே எழுதிக்கொண்டாள்.

இப்போது திரையில் ஒரு கட்டம் இருக்கிறது:
கயிறு என்ன சொல்கிறது?
தொட்டால் மூன்று விடைகள் விரியும்.
இன்னும் இல்லை.
நாளை.
நேற்றே.

செம்பாசி வந்து நீர் நஞ்சாகும் நாட்களில்
முன்பெல்லாம் பதினான்கு அழைப்புகள்,
ஒருவர் மதுக்கடையில், ஒருவர் தூக்கத்தில்,
லாரியோ நெடுஞ்சாலையில்
லியோனை நோக்கிப் பாதி வழியில்.
போன அக்டோபரில் விடியுமுன் ஐந்து நாற்பதுக்கு
எங்கள் பகுதியை மூடிய அறிவிப்பு வந்தது.
ஏழு மிதவைகள் வரைபடத்தில் சாம்பல் நிறமாயின.
எல்லார் தலைமாட்டிலும் ஒரே நேரத்தில் மணி.
ஒரு லாரியும் நகரவில்லை.
எலாதியோ மட்டும் என்னைக் கூப்பிட்டார்:
"இந்தப் போன் கத்துவதை எப்படி நிறுத்துவது?"
"படகைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போங்கள், நின்றுவிடும்."
பிறகு நான் தூங்கினேன்,
மூடிய நாளில் முதல்முறையாக.

குறை இல்லாமல் இல்லை.
புயல் ஒன்பதாம் மிதவையைப் பாறையில் ஏற்றியபோது
இரண்டு நாள் அதைக்
கணக்கில் வளரவிட்டுக்கொண்டிருந்தது.
அழைத்தேன். பியானோ இல்லை.
ஆந்தியாவே எடுத்தாள்,
பின்னால் அவள் குழந்தை அழுதது,
மதியத்துக்குள் சரியாயிற்று.

பழைய கணக்கைப் புதியதற்கு மாற்றிய கடைசி நாள்
பட்டியலில் விரல் வைத்து நின்றாள்.
"417. இவர் இனி தேவையில்லையே,
பாக்கி ஏதும் உண்டா?"

ஜன்னலுக்கு வெளியே வற்றம்.
சேற்றில் நாரைகள், தூரத்தில் மிதவைகள்.

"பெயர் இருக்கட்டும்" என்றேன்.
"பாக்கிக் கட்டத்தில்
பூஜ்யம் மட்டும் போடாதே."